தனிவலியிலிருந்து அணிவலிக்கு: பொக்கிமொன் போட்டியாட்டத்தில் அணியமைப்பின் வரலாறு

விளையாட்டுகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் வரலாறாகவும், அவற்றை விற்ற நிறுவனங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்விளையாட்டுகளை ஆடியோர் எவ்வாறு சிந்தித்தனர், அச்சிந்தனை காலத்துக்குக் காலம் எவ்வாறு மாறிற்று என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. சிறுவர்க்குரிய பொழுதுபோக்கு என ஒதுக்கப்படும் வீடியோ விளையாட்டுகளைப் பொறுத்தவரை இவ்வினா எழுப்பப்படுவதேயில்லை எனலாம். ஆயினும், 1996ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் திகதி யப்பானில் வெளியான பொக்கிமொன் என்னும் விளையாட்டை எடுத்து நோக்குவோமாயின், அதன் போட்டியாட்டத்தில் ஓர் எண்ணத்தின் வளர்ச்சியைத் தெளிவாகக் காணமுடியும். ஆறு கற்பனை விலங்குகளை ஒன்றுசேர்த்தால் மட்டும் அது அணியாகிவிடுமா, அன்றி அணி என்பது வேறொன்றா என்பதே அவ்வெண்ணத்தின் மையமாகும்.

இவ்விளையாட்டின் கருவை வகுத்தவர் 1965இல் பிறந்த சதோஷி தஜிரி ஆவார். இளமையில் பூச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதில் அவருக்கிருந்த ஈடுபாடு, பின்னர் விலங்குகளைப் பிடித்துச் சேர்க்கும் விளையாட்டாக உருப்பெற்றது. 1983இல் 'கேம் பிறீக்' என்னும் பெயரில் விளையாட்டுகள் பற்றிய கையாக்கச் சஞ்சிகை ஒன்றை அவர் வெளியிடத் தொடங்கினார். ஓவியர் கென் சுகிமோரி அச்சஞ்சிகையின் வாயிலாகவே அவருடன் இணைந்தார். 1989இல் அதே பெயரில் ஒரு நிறுவனம் தோன்றிற்று. அவ்வாண்டிலேயே நின்ரெண்டோ நிறுவனம் 'கேம் போய்' என்னும் கையடக்கக் கருவியையும் வெளியிட்டது. இரு கருவிகளை ஒரு வடத்தினால் இணைக்கலாம் என்பதே தஜிரியின் கற்பனையைத் தூண்டிற்று. சிவப்பு, பச்சை என இரு பதிப்புகளாக விளையாட்டு வெளியானதும், ஒன்றிற் கிடைக்கும் சில விலங்குகள் மற்றையதிற் கிடைக்காதவாறு அமைக்கப்பட்டதும் இவ்வடத்தின் பயன் கருதியேயாகும். அதே வடம் கொடுக்கல் வாங்கலுக்கு மட்டுமன்றிப் போருக்கும் வழிவகுத்தது. போட்டியாட்டத்தின் வரலாறு இவ்விடத்திலேயே தொடங்குகின்றது.

இப்போரின் அடிப்படையை ஈண்டுச் சுருக்கமாக விளக்குதல் பொருத்தமாகும். ஒருவர் கொண்டுசெல்லத்தக்க விலங்குகள் ஆறு. ஒவ்வொன்றும் நான்கு தாக்குமுறைகளுக்கு மேற் கொண்டிருத்தல் இயலாது. தீ, நீர், புல், மின் என்றவாறு ஒவ்வொரு விலங்கும் ஓர் இனத்தையோ இரண்டு இனங்களையோ சார்ந்தது. நீர் தீயை வெல்லும். தீ புல்லை வெல்லும். புல் நீரை வெல்லும். வெல்லும் இனத்தின் தாக்கு இருமடங்காகும். தோற்கும் இனத்தின் தாக்கு அரைப்பங்காகும். சதுரங்கத்தில் இரு சாராரும் ஒரே வகையான காய்களைக் கொண்டே ஆட்டத்தைத் தொடங்குவர். அங்கே திறமை முதல் நகர்த்தலுடன் ஆரம்பமாகின்றது. பொக்கிமொனிலோ காய்களைத் தெரிவதே ஆட்டத்தின் முதற்கூறு. எனவே களத்தில் இறங்குமுன்னரே போரின் பாதி நிகழ்ந்து முடிந்துவிடுகின்றது.

இக்கட்டமைப்பை நோக்கும் ஒருவர், எல்லா இனங்களும் ஒன்றையொன்று சமன்செய்யும் என எதிர்பார்ப்பது இயல்பே. 1996ஆம் ஆண்டின் விளையாட்டு அவ்வாறு அமையவில்லை. அதில் 15 இனங்களும் 151 விலங்குகளும் இருந்தன. அவற்றுள் உளவலி இனம் ஏனையவற்றை விஞ்சி நின்றது. அதனை வெல்லவேண்டிய பேயினத்தின் தாக்கு, நிரலில் நேர்ந்த தவறினால் அதன்மேல் எவ்விதப் பயனும் அற்றதாயிற்று. பூச்சியினம் அதனை வெல்லவல்லதெனினும், அவ்வினத்துக்கு வலிமையான தாக்குமுறை ஒன்றேனும் வழங்கப்படவில்லை. மேலும், சிறப்பாற்றல் என்னும் ஒரே அளவை தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் பொதுவாக இருந்தமையால், அதில் உயர்ந்து நின்ற விலங்கு இரு துறைகளிலும் ஒருங்கே சிறந்தது. வேகம் மிக்க விலங்கு முதலில் தாக்கியதோடமையாது, பேரடி விழுவதற்கான வாய்ப்பையும் அதிகமாகப் பெற்றது. இவ்வாறான சூழலில் எதனை எதற்குத் துணையாக வைப்பது என்னும் வினா பின்தள்ளப்பட்டது. மிக வலியன எவை என்பதே முதல் வினாவாயிற்று. ஆறுக்கு ஆறு என நிகழ்ந்த ஆட்டங்களில் டோரோஸ், ஸ்நோர்லக்ஸ், சான்சி ஆகிய மூன்றும் ஏறக்குறைய எல்லா அணிகளிலும் இடம்பிடித்தமை இதன் விளைவேயாம்.

எனினும், இக்காலத்திலும் வேறொரு சிந்தனைக்கான வித்து இடப்பட்டிருந்தது. 1997இல் யப்பானில் நடைபெற்ற நின்ரெண்டோ கிண்ணப் போட்டியின் விதிகள் இதற்குச் சான்றாகும். ஆட்டக்காரர் ஆறு விலங்குகளைப் பதிவுசெய்து, அவற்றுள் மூன்றை மட்டுமே களமிறக்கலாம். விலங்கொன்றின் படிநிலை 50க்குக் குறையவோ 55க்கு மேற்படவோ கூடாது. களமிறங்கும் மூன்றின் படிநிலைகளையும் கூட்டினால் 155ஐத் தாண்டலாகாது. ஒன்றை 55க்கு உயர்த்தினால் மற்றைய இரண்டும் 50இலேயே நின்றாகவேண்டும். வலிமை என்பது அளவிறந்து குவிக்கத்தக்கதன்று, பகிர்ந்தளிக்கப்படவேண்டியது என்னும் உண்மையை இவ்வெளிய கணக்கு ஆட்டக்காரருக்கு உணர்த்திற்று. ஒன்றுக்குக் கொடுப்பது மற்றொன்றிடமிருந்து எடுப்பதே என்னும் இவ்வுணர்வு, பிற்காலத்து அணியமைப்பின் அடித்தளங்களுள் ஒன்றாயிற்று.

1999ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான பொன், வெள்ளிப் பதிப்புகள் பெரும் மாற்றத்தைக் கொணர்ந்தன. 100 புதிய விலங்குகளுடன் இருள், உருக்கு என்னும் இரு புதிய இனங்கள் சேர்ந்தன. உளவலித் தாக்கு இருளினத்தின்மேற் செல்லாதாயிற்று. சிறப்பாற்றல் தாக்குதலெனவும் தற்காப்பெனவும் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. விலங்குகள் கைப்பொருள் ஒன்றை ஏந்திச் செல்லவும் இடமளிக்கப்பட்டது. இவற்றினும் முக்கியமானது, எதிரியை நேரே தாக்காது களத்தின் தன்மையை மாற்றும் உபாயங்களின் எழுச்சியாகும். எதிரியின் பக்கத்தில் முட்களைப் பரப்பிவிட்டால், அதன்பின் களமிறங்கும் விலங்குகளுட் பெரும்பாலானவை அம்முட்களால் ஊறுபடும். எனவே முட்களைப் பரப்ப ஒன்று, எதிரியை வலிந்து வெளியேற்ற ஒன்று, தன் பக்கத்து முட்களை அகற்ற ஒன்று எனத் தொழிற்பகுப்புத் தோன்றிற்று. விலங்கொன்றின் மதிப்பு அதன் அளவைகளில் மட்டுமன்றி, அது ஆற்றும் தொழிலிலும் தங்கியது.

இத்தொழிற்பகுப்பின் மிகத் தெளிவான எடுத்துக்காட்டாக ஸ்கார்மொரி, பிளிசி என்னும் இணையைக் கொள்ளலாம். பிளிசியின் உயிர்வலு 255; அதன் சிறப்புத் தற்காப்பு 135; ஆயின் உடற்றாக்குதலுக்கு எதிரான அதன் தற்காப்பு வெறும் 10 மட்டுமே. ஸ்கார்மொரியின் உடற்றற்காப்போ 140. ஆனால் தீயும் மின்னும் அதனை எளிதில் வீழ்த்தும். தனித்து நிற்கும்போது இவ்விரண்டும் குறையுடையனவே. இணைந்து நிற்கும்போதோ, ஒன்றன் குறையை மற்றது மறைக்கின்றது. எதிரி உடற்றாக்குதலை ஏவும்போது ஸ்கார்மொரியும், சிறப்புத் தாக்குதலை ஏவும்போது பிளிசியும் மாறிமாறிக் களமிறங்கி நெடுநேரம் தாக்குப்பிடித்தன. இரு குறைகளின் சேர்க்கை ஒரு நிறைவாக அமையலாம் என்பதை ஆட்டக்காரர் கண்டுகொண்டனர். அணி என்பது உறுப்புகளின் கூட்டுத்தொகையன்று, உறுப்புகளுக்கிடையிலான தொடர்பே என்னும் கருத்து இங்கேதான் வடிவம் பெறுகின்றது.

2002இல் வெளியான மாணிக்கம், நீலமணிப் பதிப்புகள் இக்கருத்தைத் தனி விலங்கின் உள்ளமைப்புக்கும் விரித்தன. ஒவ்வொரு விலங்குக்கும் இயல்புத்திறன் ஒன்று வழங்கப்பட்டது. 25 வகையான குணங்கள் வகுக்கப்பட்டன. ஒரு விலங்கு பெறத்தக்க பயிற்சிப் புள்ளிகள் மொத்தம் 510 என வரையறுக்கப்பட்டன. எல்லா அளவைகளையும் ஒருங்கே உயர்த்த அவை போதா. வேகத்துக்கு எவ்வளவு, தற்காப்புக்கு எவ்வளவு எனக் கணித்துப் பகிர்வது கட்டாயமாயிற்று. எதிரியின் குறிப்பிட்ட ஒரு தாக்கை மயிரிழையில் தாங்கி நிற்பதற்கு எத்தனை புள்ளிகள் வேண்டும் என ஆட்டக்காரர் எண்கணிதம் செய்யத் தொடங்கினர். 2006ஆம் ஆண்டின் வைரம், முத்துப் பதிப்புகளில், தாக்குமுறை உடல்சார்ந்ததா சிறப்பானதா என்பது இனத்தைப் பொறுத்தன்றி அத்தாக்குமுறையையே பொறுத்ததாயிற்று. அதுவரை தம் இனத்துக்குரிய தாக்குமுறைகளைத் தகுந்தவாறு பயன்படுத்த இயலாதிருந்த பல விலங்குகள் இதனாற் புத்துயிர் பெற்றன. முன்னர் அவை வலியற்றிருந்தமைக்குக் காரணம் அவற்றின் இயல்பன்று. அக்காலத்து விதியே என்பது இவ்விடத்து மனங்கொளத்தக்கது.

அணியமைப்பின் வரலாற்றை ஆராயுமிடத்து உழைப்பு என்னும் விடயத்தையும் விட்டுவிடலாகாது. சிந்தையில் வகுத்த அணியைக் கருவியில் உருவாக்குவதற்கு நெடுங்காலம் தேவைப்பட்டது. பிறவியிலேயே அமையும் அளவைகளைச் செம்மையாகப் பெறுவதற்கு முட்டைகளைப் பொரிக்கச்செய்து, பொரித்தவற்றை ஆராய்ந்து, மீண்டும் மீண்டும் இனப்பெருக்கம் செய்யவேண்டியிருந்தது. இதனால் நுண்மதி படைத்தும் ஓய்வுநேரம் அற்ற ஒருவர், ஓய்வுநேரம் மிக்க ஒருவருக்குப் பின்னே நிற்க நேர்ந்தது. பிற்காலப் பதிப்புகள் இத்தடையைப் படிப்படியாகத் தளர்த்தின. 2013இல் இனப்பெருக்கமும் பயிற்சியும் இலகுவாக்கப்பட்டன. 2016இல் பிறவிக் குறைகளைப் பயிற்சியால் ஈடுசெய்ய வழி பிறந்தது. 2019இல் குணத்தின் விளைவையும் மாற்றலாம் என்றாயிற்று. ஆயினும் சிக்கல் முற்றாகத் தீரவில்லை. 2023இல் யோக்கோகாமாவில் நடைபெற்ற உலகப் போட்டியில், விதிக்குப் புறம்பாக உருவாக்கப்பட்ட விலங்குகளைக் கொண்டிருந்த ஆட்டக்காரர் சிலர் தகுதியிழந்தனர். விதியை மீறியமை தவறே. எனினும், போட்டி எதனை அளக்கின்றது, சிந்தனையையா அன்றிச் செலவிட்ட மணித்தியாலங்களையா என்னும் வினாவை அந்நிகழ்ச்சி மீண்டும் எழுப்பிற்று என்பதை மறுத்தற்கில்லை.

2009ஆம் ஆண்டு அமெரிக்காவின் சன் டியாகோ நகரில் நடைபெற்ற உலகப் போட்டி, இவ்வரலாற்றின் அடுத்த கட்டத்தைத் தொடக்கி வைத்தது. அதிகாரபூர்வப் போட்டி இரட்டையர் ஆட்டமாக நிலைபெற்றது. ஒவ்வொரு பக்கத்திலும் இரு விலங்குகள் ஒரே நேரத்தில் நின்று போரிடுவதால், துணைநிற்றல் என்பது கண்முன்னே நிகழும் செயலாயிற்று. இதன் உச்சநிலையாகக் கொள்ளத்தக்கது 2014ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வோஷிங்டன் நகரில் நடைபெற்ற போட்டியாகும். அதில் உலகப் பட்டத்தை வென்றவர் தென் கொரியாவைச் சேர்ந்த சே ஜுன் பார்க். அவரது அணியில் கார்சொம்ப், கியராடோஸ் முதலிய வலிய விலங்குகளுடன் பச்சிரிசு என்னும் சிறு அணில் ஒன்றும் இடம்பெற்றிருந்தது. கார்சொம்ப்பின் அடிப்படை அளவைகளின் கூட்டுத்தொகை 600. பச்சிரிசுவினதோ 405 மட்டுமே. உயர்மட்டப் போட்டிகளில் எவரும் பொருட்படுத்தாத விலங்கு அது.

அவ்வணில் அங்கே இடம்பெற்றமை விளையாட்டுத்தனத்தாலோ வியப்பூட்டும் நோக்கத்தாலோ அன்று. எதிரியின் தாக்குதல்களைத் தன்பால் ஈர்த்து, அருகே நிற்கும் துணையைக் காக்கும் உபாயம் அதனிடம் இருந்தது. மின் தாக்குதலை உறிஞ்சி அதனாலேயே நலம்பெறும் இயல்புத்திறனும் அதற்குண்டு. நீரும் பறவையுமாகிய கியராடோஸின் பெரும் பகை மின்னே; அதன்மேல் மின் தாக்கு நான்கு மடங்காகும். ஆகவே கியராடோஸைக் கொல்லவந்த மின்னைப் பச்சிரிசு விழுங்கிற்று. அதன் தாக்குவலி 45 மட்டுமே; ஆனால் எதிரியின் எஞ்சிய உயிர்வலுவைச் சரிபாதியாக்கும் தாக்குமுறைக்குத் தாக்குவலி தேவையில்லை; எதிரியை முடக்கி வேகத்தைக் குறைக்கும் தாக்குமுறையின் பயனும் தாக்குவலியில் தங்கியதன்று. அதன் குறைகள் வெளிப்படாத பணிகளே அதற்கு ஒப்படைக்கப்பட்டன. பார்க்கின் திறமை வலியதைத் தேடியதில் அன்று. தன் அணிக்கு எது வேண்டும் என முதலில் வினவி, அவ்வினாவுக்கு விடையாக அமைந்ததைத் தேடியதிலேயே தங்கியுள்ளது.

பச்சிரிசு உண்மையில் வலிய விலங்கு எனவும், முன்னையோர் அதனைக் கண்டறியத் தவறினர் எனவும் இதிலிருந்து முடிவுசெய்வது பொருந்தாது. அவ்வணிலை வேறோர் அணியிற் சேர்த்தால் அது மீண்டும் வலியற்றதே. மேலும், அவ்வாண்டு விதிகள் குறிப்பிட்ட ஒரு பட்டியலிலுள்ள விலங்குகளை மட்டுமே அனுமதித்திருந்தன. மறுவருடம் அவ்வெல்லை விரிவாக்கப்பட்டபோது களத்தின் முகமே மாறிற்று. வலிமை, வலியின்மை என்பன விலங்கின் உடம்பில் எழுதப்பட்டவை அல்ல. எந்த விதியின்கீழ், எந்த எதிரிக்கு முன், எந்தத் துணையோடு என்னும் மூன்றையும் சேர்த்தே அவற்றைக் கூறமுடியும்.

1996இல் ஆட்டக்காரர் எழுப்பிய முதல் வினா மிக வலியது எது என்பதாகும். 2014இன் வெற்றிக்குப் பின்னிருந்த வினா, இவ்வணியில் இன்னும் நிறைவேறாதிருக்கும் பணி எது என்பதாகும். முதல் வினா உறுப்பினரைத் தரவரிசைப்படுத்துகின்றது. வரிசையின் கீழே நிற்போரை அது காண்பதேயில்லை. இரண்டாவது வினா ஒவ்வோர் உறுப்பினருக்கும் உரிய இடத்தைத் தேடுகின்றது. மனிதரையும் அவர்தம் தகுதியையும் ஒரே அளவுகோலின் புள்ளிகளால் நிறுத்துப் பார்த்து, கூட்டுத்தொகை குறைந்தோரை ஒதுக்கிவிடும் வழக்கம் விளையாட்டுக்களத்துக்கு மட்டும் உரியதன்று. சிறுவர் விளையாட்டு எனக் கருதப்பட்ட ஒன்று ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அவ்வழக்கத்தின் போதாமையைத் தன் களத்திலேயே எடுத்துக்காட்டிவிட்டது. அதன் வரலாறு எழுதப்படத்தக்கது என்பதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டியதில்லை.