பள்ளி மாணவர் நலனும் பாதுகாப்பும் (தமிழ்நாடு)

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மாணவரின் உடல்நலம், உயிர்ப் பாதுகாப்பு, மனநலம் ஆகியவற்றைக் காக்க ஒரே சட்டம் என்று எதுவும் இல்லை. சத்துணவுத் திட்டம், கட்டட உரிம விதிகள், பள்ளி வாகன விதிகள், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், சுகாதாரத் துறையின் பரிசோதனைத் திட்டங்கள், பள்ளிக்கல்வித் துறையின் சுற்றறிக்கைகள் எனப் பல துறைகளிலிருந்து வந்தவை சேர்ந்துதான் இன்றைய ஏற்பாடு உருவாகியிருக்கிறது. இவற்றுள் உணவு தொடர்பானவை பெரும்பாலும் முன்கூட்டியே யோசித்துச் செய்யப்பட்டவை. பாதுகாப்பு தொடர்பானவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு விபத்துக்கோ குற்றத்துக்கோ பிறகு வந்தவை.

உணவு

சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி 1920ஆம் ஆண்டு ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க ஒப்புதல் அளித்தது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. பசியோடு வரும் பிள்ளை படிக்காது, நாளடைவில் பள்ளிக்கே வராது என்ற எளிய கணக்குதான் அடிப்படை. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் மதிய உணவுத் திட்டம் மாநில அளவுக்கு வளர்ந்தது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் ஊர்ப்புறச் சிறு பிள்ளைகளுக்கு மட்டும் என்றிருந்த திட்டம் அவ்வாண்டே நகரங்களுக்கும், 1984இல் 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கும் நீண்டது. பிற்காலத்தில் முட்டையும் கலவை சாதமும் சேர்ந்தன. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. இந்திய அரசு தொடக்கப் பள்ளிகளுக்கான தேசியத் திட்டத்தை அறிவித்தது 1995இல்தான். சமைத்த உணவையே தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது 2001இல்.

காலையில் வெறும் வயிற்றோடு வருபவரை மதிய உணவு காப்பாற்றுவதில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரையான வகுப்புகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் போன்றவற்றைத் தருகிறது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும், அடுத்த ஆண்டு ஊர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் இது விரிந்தது.

பள்ளிக்குள்ளும் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி சொல்கிறது. 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டப்படி கல்வி நிறுவனங்களைச் சுற்றி நூறு கெசத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். பெட்டிக்கடைகளின் வரிசையைப் பார்த்தவருக்கு இவ்விரு விதிகளின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

கட்டடமும் தீயும்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியின் கூரை வேய்ந்த சமையலறையில் பற்றிய தீ, மாடியில் கீற்றுக் கூரையின் கீழ் நடந்த வகுப்புகளுக்குப் பரவியது. 94 குழந்தைகள் இறந்தனர். ஒரே கட்டடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் இயங்கின; இறங்கிவரக் குறுகலான படிக்கட்டுதான் இருந்தது. அந்தப் பள்ளி அதிகாரிகள் அறியாத மூலையில் இல்லை, அங்கீகாரத்தோடு நகரின் நடுவே நடந்துவந்தது. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. மாநிலம் முழுவதும் பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. இந்த விபத்தை முன்வைத்துத் தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்பது அதன் சாரம். தீயணைப்புக் கருவி, ஆசிரியர்களுக்கான பயிற்சி, தேசியக் கட்டட விதித்தொகுப்புக்கு ஏற்ற கட்டடம் ஆகியவை நாடெங்கும் கட்டாயமாயின.

தனியார் பள்ளிகள் அங்கீகாரம் பெறவும் புதுப்பிக்கவும் கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய நான்கும் வேண்டும். கும்பகோணத்துக்குப் பிறகு இச்சான்றுகளைக் கேட்பதில் கண்டிப்பு கூடியது. சான்று கேட்கும் சட்டமோ பழையது. பொதுக் கட்டட உரிமச் சட்டம் 1965ஆம் ஆண்டினது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அதன்பின் மாநிலமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை முடுக்கிவிடப்பட்டது. வகுப்பறையைத் தேடிப் பார்க்கும் ஆய்வாளரின் கண் கழிப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் போவதில்லை என்பதை அந்த விபத்து காட்டியது.

பள்ளி வாகனம்

2012 ஜூலையில் தாம்பரம் அருகே, சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்தின் அடித்தளத்திலிருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விழுந்து இறந்தாள். அந்தப் பேருந்துக்குத் தகுதிச் சான்று கொடுக்கப்பட்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது; அதே ஆண்டு பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் வந்தன. மஞ்சள் வண்ணம், அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, பிள்ளைகளை ஏற்றி இறக்க உதவியாளர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் இவ்விதிகளில் அடங்கும். மே மாதம் பள்ளி திறக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலர், காவல் துறையினர், கல்வி அலுவலர் ஆகியோர் ஏதாவது ஒரு மைதானத்தில் பேருந்துகளை வரிசையாக நிறுத்திச் சோதிப்பது அன்று முதல் ஆண்டுச் சடங்காகிவிட்டது. 2022இல் சென்னை வளசரவாக்கத்தில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதிச் சிறுவன் இறந்த பிறகு, முன்னும் பின்னும் கேமரா, பின்பக்க உணர்கருவி ஆகியவை விதிகளில் சேர்ந்தன. பெற்றோர் மாத வாடகைக்குப் பேசிவைக்கும் ஆட்டோவும் வேனும் இந்தச் சோதனை மைதானத்துக்கு வருவதே இல்லை.

அடியும் அத்துமீறலும்

தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டு உடல் தண்டனை தடைசெய்யப்பட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடுக்கிறது. ‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுடுங்க சார்’ என்று பிள்ளையை ஒப்படைத்துப்போன பெற்றோரின் காலம் முற்றிலும் போய்விடவில்லை. ஆகவே இது ஆசிரியரை மட்டும் திருத்தும் விதி அன்று.

2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டம், கல்வி நிறுவனப் பணியாளர் செய்யும் பாலியல் குற்றத்தைக் கடுமையான வகையாகக் கொள்கிறது. குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. ‘பள்ளியின் பெயர் கெட்டுவிடும்’ என்று பேசி முடிக்கும் பழக்கத்தைக் குறிவைத்த பிரிவு இது. சட்டத்திலேயே மிகக் கூர்மையானது என்றும் சொல்லலாம். 2021இல் சென்னைத் தனியார் பள்ளிகள் சிலவற்றில் எழுந்த புகார்களை அடுத்து, பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்கவும் இணையவழி வகுப்புகளுக்கான நெறிமுறைகளைப் பின்பற்றவும் அரசு ஆணையிட்டது. ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டி, 1098, 14417 ஆகிய உதவி எண்கள் பள்ளிகளில் இடம்பெற்றன. இத்தனைக்குப் பிறகும் 2024இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாமை ஒரு தனியார் பள்ளி தன் வளாகத்திலேயே நடத்தவிட்டது; அதில் மாணவியர் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாயினர். வெளியிலிருந்து வருபவர் யார் என்று சரிபார்க்கும் கடமை எழுத்தில் இருந்தாலும் வாசலில் இல்லாமற்போன இடம் அது.

உடல்நலம், மனநலம்

தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் 2013 முதல் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு வந்து பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பார்க்கிறது. குடற்புழு நீக்க அல்பெண்டசோல், வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, வளரிளம் பெண்களுக்கான ‘புதுயுகம்’ அணையாடை ஆகியவையும் உண்டு. ஆண்டின் மற்ற நாள்களில் காய்ச்சலோ காயமோ என்றால் கவனிப்பவர் உடற்கல்வி ஆசிரியரோ தலைமையாசிரியரோதான்.

பொதுத் தேர்வு முடிவில் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் தமிழ்நாடு கைவிட்டது. செலவில்லாமல் செய்த மனநலச் சீர்திருத்தம் இது. 104 என்ற எண்ணில் தேர்வுக் கால ஆலோசனை கிடைக்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் தடுக்க வந்த அவர் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்டனர். அதுவரை பள்ளிப் பாதுகாப்பு பற்றிய பேச்சில் சாதி பெரிதாக இடம்பெற்றதில்லை. இத்தாக்குதலை அடுத்து அமைந்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் வண்ணக் கயிறு கட்டத் தடை, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்குதல், ஆசிரியர் இடமாறுதல் முறை என்று பரிந்துரைகள் விரிந்தன. கயிற்றுத் தடைக்கு அரசியல் எதிர்ப்பும் கிளம்பியது.

இந்த ஏற்பாடுகளைப் பள்ளி அளவில் கவனிப்பதில் பெற்றோருக்கும் பங்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாடு 2022இல் அரசுப் பள்ளிகளில் 20 உறுப்பினர் கொண்ட குழுக்களைப் புதிதாக அமைத்தது. கழிப்பறைத் தண்ணீர், பழுதான சுவர், சத்துணவின் தரம் போன்றவற்றைத் தீர்மானமாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பும் அதிகாரம் இக்குழுவுக்கு உண்டு.