ஐந்து கட்டையிலிருந்து நான்கு கட்டைக்கு: தேசிய கீதமும் சுரக்குறிகளின் வரலாறும்

நம் நாட்டின் தேசிய கீதமாகிய ‘மாஜூலா சிங்கப்பூரா’ 2001ஆம் ஆண்டில் புதிய இசைக்கோவையுடன் வெளியிடப்பட்டது. அக்கோவையை அமைத்தவர் பூன் யூ தியன். அதுவரை ஜி மேஜரில் ஒலித்த கீதம், பலரும் எளிதாகப் பாடும்பொருட்டு எஃப் மேஜருக்கு இறக்கப்பட்டது. சொல் மாறவில்லை, மெட்டும் மாறவில்லை. ஆயினும் இசைத்தாளின் தொடக்கத்தில் நிற்கும் குறி மாறியது. முன்னர் அங்கே ஒரு ‘ஷார்ப்’ இருந்தது; இன்று ஒரு ‘பிளாட்’ இருக்கிறது.

கருநாடக இசை பயின்றவர் இம்மாற்றத்தை ஒரே தொடரில் சொல்லிவிடுவார்: சுருதி ஐந்து கட்டையிலிருந்து நான்கு கட்டைக்கு இறங்கிற்று. சரிகம என்று எழுதினால் ஓர் எழுத்தும் மாறாது. ஒரே பாட்டு, ஓர் எழுத்துமுறையில் குறி மாறியும் மற்றொன்றில் மாறாமலும் நிற்பது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐந்துகோட்டு முறையில் ஒவ்வொரு கோடும் இடைவெளியும் பியானோவின் ஒரு வெள்ளைக் கட்டையைக் குறிக்கும். ஷார்ப் அச்சுரத்தை அரைச்சுரம் உயர்த்தும். பிளாட் அரைச்சுரம் தாழ்த்தும். ‘நேச்சுரல்’ அவ்விரண்டையும் நீக்கி, சுரத்தை அதன் இயல்பான இடத்துக்கு மீட்கும். மேஜர் என்னும் சுரவரிசை நம் சங்கராபரணத்தின் சுரங்களை உடையது. அதில் காந்தாரத்துக்கும் மத்திமத்துக்கும் இடையிலும், நிஷாதத்துக்கும் மேல் சட்சமத்துக்கும் இடையிலும் அரைச்சுரமே உண்டு; பிற இடங்களில் முழுச்சுரம். ஜி என்னும் கட்டையைச் சட்சமமாகக் கொண்டால் எஃப் நிஷாதமாக வேண்டும். ஆனால் அது ஜிக்கு ஒரு முழுச்சுரம் கீழே கிடக்கிறது. ஆகவே ஷார்ப் இட்டு அதனை உயர்த்துகிறோம். எஃப் கட்டையைச் சட்சமமாகக் கொண்டால் பி மத்திமமாக வேண்டும். அதுவோ அரைச்சுரம் மிகுந்து நிற்கிறது. ஆகவே பிளாட் இட்டுத் தாழ்த்துகிறோம். பழைய தாளின் ஷார்ப் நிஷாதத்துக்காக வந்தது. புதிய தாளின் பிளாட் மத்திமத்துக்காக வந்தது.

இவ்விரண்டில் பிளாட்டே மூத்தது. இத்தாலியத் துறவி கீதோ 11ஆம் நூற்றாண்டில் தேவாலயப் பாடகர்களுக்குக் கோடுகளின்மேல் சுரம் எழுதக் கற்பித்த காலத்திலேயே, பி என்னும் ஒரு சுரத்துக்கு இரண்டு இடங்கள் வழங்கின. தாழ்ந்ததை வட்ட வடிவான பி எழுத்தாலும், உயர்ந்ததைச் சதுர வடிவான பி எழுத்தாலும் குறித்தனர். வட்ட எழுத்து பிளாட் ஆயிற்று. சதுர எழுத்திலிருந்து நேச்சுரலும் ஷார்ப்பும் கிளைத்தன. அச்சதுர எழுத்தை எச் என்று கொண்டதால், செருமானியர் இன்றும் அச்சுரத்தை எச் என்றே அழைக்கின்றனர். எஃப் முதலாகப் பாடும்போது மத்திமம் இசையாமற்போன இடர்ப்பாடே வட்ட எழுத்துக்குத் தேவையை உண்டாக்கிற்று. நம் தேசிய கீதத்தின் இன்றைய தாளில் நிற்பது அந்தத் தொன்மையான குறியே.

தமிழ் மரபு வேறொரு வழியில் சென்றது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு பெயர்களும் நிலையான இடங்களின் பெயர்களல்ல. ஒன்றற்கொன்று உள்ள உறவின் பெயர்கள். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் வட்டமாக நின்ற ஏழு மகளிர்க்கு இப்பெயர்களே இடப்பட்டன. எந்த நரம்பைக் குரலாகக் கொள்கிறோமோ, அதற்கேற்பப் பிற பெயர்களும் பெயர்ந்து அமைந்து, வெவ்வேறு பாலைகள் பிறந்தன. பிற்காலத்தில் பன்னிரண்டு சுரத்தானங்களுக்குப் பதினாறு பெயர்கள் அமைந்தபோதும் இவ்வடிப்படை மாறவில்லை.

இரு முறைகளும் அச்சில் சந்தித்த காலமும் உண்டு. சின்னசாமி முதலியார் 1893இல் சென்னையிலிருந்து நம் இசையை ஐரோப்பியக் குறிகளில் எழுதி வெளியிட்டார். எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியில் சுர எழுத்துகளோடு கமகங்களுக்கும் தனிக்குறிகள் இட்டார். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் ஒரு தானத்தினுள் 24 சுருதிகள் உண்டென வாதிட்டார். பன்னிரண்டு இடங்களையே காட்டும் குறிகளால் சுரத்தின் அசைவையும் நுட்பத்தையும் முழுதும் காட்ட இயலாது என்பதை இம்முயற்சிகள் உணர்த்துகின்றன.

தேசிய கீதத்தை இயற்றிய சுபிர் சைட் சுமத்திராவிலிருந்து 1928இல் சிங்கப்பூர் வந்தவர். இளமையில் அவர் கற்றது எண்களால் சுரம் எழுதும் முறை. ஐந்துகோட்டு முறையைப் பின்னரே பயின்றார். எண்முறையில் ஒன்று என்பது சட்சமம் போன்றது, சுருதியோடு நகர்வது. ஆகவே எண்களில் எழுதினாலும் 2001ஆம் ஆண்டின் மாற்றத்தால் சுரவரி மாறாது. சுருதிக்குறிப்பு ஒன்றே மாறும்.

இவற்றை ஆசிரியர் அறிந்திருத்தல் ஏன் வேண்டும்? நம் நகரில் பல மாணவர்கள் வாரத்தில் ஒரு நாள் பியானோவும் மற்றொரு நாள் வாய்ப்பாட்டும் பயில்கின்றனர். ‘ச’ என்றால் சி கட்டை என்று ஒருமுறை சொல்லிவிட்டால், ஐந்து கட்டையில் பாடும் மாணவி தான் பிழை செய்வதாக எண்ணுவாள். நம் எழுத்துமுறை குறைபாடுடையது என்ற எண்ணமும் அவள் உள்ளத்தில் வேரூன்றிவிடும். அது தவறு. எக்காளமும் பியானோவும் வயலினும் ஒருங்கே ஒலிக்க வேண்டிய குழுவுக்கு இடத்தைச் சொல்லும் எழுத்து வேண்டும். தன் குரலுக்கேற்பச் சுருதி சேர்த்துப் பாடுபவர்க்கு உறவைச் சொல்லும் எழுத்து வேண்டும். ஒன்றன் பணியை மற்றொன்றிடம் எதிர்பார்ப்பதே குழப்பத்துக்குக் காரணம்.

ஆசிரியர்கள் வகுப்பில் இதனைச் செய்து காட்டலாம். சுருதிப்பெட்டியை ஐந்து கட்டையில் வைத்துத் தேசிய கீதத்தின் முதல் அடியைப் பாடச் செய்யுங்கள். பின்னர் நான்கு கட்டையில் பாடச் செய்யுங்கள். அதன்பின் இரு தாள்களையும் அருகருகே வைத்து, ஷார்ப் எங்கே, பிளாட் எங்கே, ஏன் என்று கேளுங்கள். நிஷாதத்தையும் மத்திமத்தையும் காட்டி விடை சொல்லும் மாணவர் இரண்டு எழுத்துமுறைகளையும் ஒருங்கே கற்றவராவார்.