1986 உயர்தர வகுப்பு: யார் எங்கே?

பாடசாலை மலர்கள் எல்லாவற்றிலும் ஒரு பட்டியல் இருக்கும். வைத்தியர்கள், பொறியியலாளர்கள், சட்டத்தரணிகள், பேராசிரியர்கள் என்று வரிசைப்படுத்திய பட்டியல். எமது மலரிலும் அது உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் 1986இல் யாழ்ப்பாணத்தில் க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிய எமது வகுப்பை அந்தப் பட்டியலை மட்டும் வைத்துத் தேடினால் பாதிப்பேரைக் காணமுடியாது. 1967ஐ ஒட்டிப் பிறந்த நாங்கள் இப்போது அறுபதை நெருங்குகிறோம். எங்களுடைய முப்பதுகளும் நாற்பதுகளும் எங்கே, எப்படிக் கழிந்தன என்பதை, பெயர்களைத் தவிர்த்து, இங்கே எழுதி வைக்கிறேன்.

அன்று இசட் புள்ளி கிடையாது. நான்கு பாடங்களின் புள்ளிகளையும் கூட்டி 400க்கு எத்தனை என்று பார்ப்பார்கள். பல்கலைக்கழக இடங்களில் 30 வீதம் மட்டுமே நாடளாவிய திறமைக்கு. மிகுதியில் பெரும்பங்கு மாவட்டக் கோட்டாவுக்கு. தாவரவியலில் நாலைந்து புள்ளி குறைந்ததால் மருத்துவத்தைத் தவறவிட்டவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். இடம் கிடைத்தவர்களுக்கும் படிப்பு உடனே தொடங்கவில்லை. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்திய அமைதிப்படையுடன் சண்டை மூண்டது. தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி, அங்குள்ள பல்கலைக்கழகங்கள் 1990 வரையில் நெடுநாள் மூடிக்கிடந்தன. தென்னிலங்கைக்குத் தெரிவான எங்கள் தோழி ஒருத்தி வைத்தியராக வெளியேறியபோது முப்பதை எட்டிவிட்டாள். வீட்டில் திருமணப் பேச்சு நின்றுபோயிருந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவளுடைய அம்மாதான் கவலைப்பட்டார்.

மற்றொரு பகுதியினர் மணப்பெண்களாகப் போனார்கள். அண்ணன்மார் 1983க்குப் பின்னரே வெளிக்கிட்டிருந்தனர். அவர்களுடைய நண்பர்களுக்குத்தான் பெரும்பாலும் பேசப்பட்டது. அகதி அந்தஸ்துக் கோரிய மாப்பிள்ளை இலங்கைக்கு வரமுடியாது. ஆகவே கலியாணம் சென்னையில் அல்லது திருச்சியில். 1990இல் ரயிலும் நின்று, ஆனையிறவுப் பாதையும் மூடப்பட்ட பின்னர், பாஸ் எடுத்து, பிணைக்கு ஆள் வைத்து, இரவில் கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்துதான் கொழும்புக்குப் போகவேண்டும். கூறைச் சேலை வாங்குவதற்கு முன்னர் அந்தப் பயணம்.

போன இடங்களில் நடந்ததை நாங்கள் அதிகம் பேசுவதில்லை. பிரயோக கணிதத்தில் எங்களுக்கெல்லாம் கணக்குச் சொல்லித் தந்தவள் நோர்வேயின் வடகோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் பல வருடம் நின்றாள். இரவில் மொழி படித்து, நாற்பது கடந்தபின் சிறுவர் பள்ளி ஆசிரியையானாள். சுவிஸில் இருப்பவள் உணவகச் சமையலறையில் தொடங்கி, இன்று முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். சனிக்கிழமைகளில் தமிழும் படிப்பிக்கிறாள். ஸ்காபறோவில் உள்ளவர்களில் ஒருத்தி கணக்காளர், ஒருத்தி பொதி கட்டும் வேலை. என்ன வேலை என்று கேட்டால் “சும்மா ஒரு வேலை” என்பார்கள். அந்தச் சும்மா வேலையில்தான் ஊரில் தங்கைமாருக்குச் சீதனமும், தம்பிமாருக்குப் பயணச் செலவும் வந்தன.

ஊரில் நின்றவர்களைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகவே சொல்லவேண்டும். ஆசிரியர்கள் பலர் வெளியேறிவிட, எமது வகுப்பில் சிலர் தொண்டர் ஆசிரியர்களாகச் சேர்ந்தனர். சம்பளம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மின்சாரம் இல்லாத அந்த வருடங்களில் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். இவர்களும் அதே வெளிச்சத்தில் வினாத்தாள் திருத்தினார்கள். வானொலிச் செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றினார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நகர்ந்தபோது, அவர்களில் ஒருத்தி தன் வகுப்பின் வரவு இடாப்பை உடுப்புப் பையில் வைத்துக் கொண்டுபோனாள். அங்கே வேறொரு பாடசாலையில், பின்நேர நேரசூசியில், மாமர நிழலில் பெயர் கூப்பிட்டாள். 1996இல் திரும்பி வந்தபோது அந்த இடாப்பில் சிவப்புக் கோடுகள் அதிகம். நிரந்தர நியமனம் பல வருடம் கழித்தே கிடைத்தது. ஓய்வூதியக் கணக்கும் நியமனத் திகதியிலிருந்தே தொடங்குகிறது. தொண்டர் காலம் எந்தக் கோவையிலும் இல்லை. கல்லூரி இன்று நூற்றாண்டு காண்பதற்கு அந்தக் காலம் எவ்வளவு தேவைப்பட்டது என்பதை அப்போது அங்கே படித்த தங்கைமாரிடம் கேளுங்கள்.

2002இல் ஏ-9 பாதை திறந்தபோது எங்களுக்கு முப்பத்தைந்து. வெளிநாட்டுக்காரர் பிள்ளைகளோடு வந்தார்கள். பிள்ளைகள் கிணற்றடியில் குளிக்க மறுத்ததையும், பிறகு ஏறவே மறுத்ததையும் சொல்லிச் சிரித்தோம். 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் பூட்டப்பட்டது. அடுத்த ஒன்றுகூடல் போர் முடிந்த பின்னர்தான்.

அதற்கு வன்னியிலிருந்து ஒருத்தி வந்தாள். 1995 இடப்பெயர்வோடு கிளிநொச்சிக்குப் போய், அங்கேயே படிப்பித்து, 2009இல் செட்டிகுளம் முகாம்வரை சென்று மீண்டவள். வழக்கம்போல யாரோ எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுவிட்டார். மூன்று என்றாள். சிறிது பொறுத்து, இருவர் தன்னோடு இருப்பதாகச் சொன்னாள். கணவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அவளே ஒரு கோவையைத் திறந்து, எந்தெந்த ஆணைக்குழுவுக்கு எந்தெந்தத் திகதியில் கடிதம் கொடுத்தாள் என்று காட்டினாள். வகுப்பில் கையெழுத்துக்குப் பரிசு பெற்றவள். எழுத்து அப்படியே இருந்தது.

சங்கத்தின் அங்கத்துவப் படிவம் தொழில், கணவர் பெயர், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் கேட்கிறது. கணவர் பெயரையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் எடுத்துவிட்டு, பாடசாலையை விட்டபின் வாழ்ந்த இடங்களை எழுத நாலு வரி விடலாம் என்பது என் கருத்து. செயற்குழுவிடம் சொல்லியிருக்கிறேன்.

எமது வகுப்பில் யன்னலோரக் கடைசி வாங்கில் இருந்த இருவரைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. ஒருவர் வட்டுக்கோட்டைப் பக்கம், மற்றவர் 1990வரை கச்சேரியடியில் இருந்தவர். எவருக்காவது தெரிந்தால் சங்கச் செயலாளருக்கு அறியத் தாருங்கள்.