பெயர் சொல்லாததை முகவரி சொல்லிவிடும்: தொலைபேசி இயக்குநர் பணிக்கு ஒரு தன்விவரக் குறிப்பு

திருவண்ணாமலை நீதிமன்றத்திற்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில், அண்மையில் பட்டப்படிப்பை முடித்த தம்பி ஒருவர் தம் தன்விவரக் குறிப்பை என்னிடம் நீட்டினார். சென்னையில் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் சேவை மையத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும், "கொஞ்சம் பாத்துக் குடுங்கக்கா" என்றார். பேருந்து நிலையத்தருகே ஒரு கணினி மையத்தில் தட்டச்சு செய்து வாங்கியது. இரண்டு பக்கங்கள். முதற்பக்கத்தின் பாதியைச் 'சொந்த விவரங்கள்' எடுத்துக்கொண்டிருந்தன: தந்தை பெயர், தந்தையின் தொழில் விவசாயக் கூலி, மதம், சாதி, திருமண நிலை, நிரந்தர முகவரியில் 'காலனித் தெரு'. அவருக்குப் பேசத் தெரிந்த மூன்று மொழிகள் இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில் இருந்தன.

அந்த முதற்பக்கம் அவருடைய தவறன்று. திருமணத் தகவல் மையத்திற்கும் வேலைக்கும் ஒரே 'பயோடேட்டா' படிவத்தைப் பயன்படுத்தும் பழக்கம் நம் ஊர்க் கணினி மையங்களில் இன்னும் நீடிக்கிறது. ஆனால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது ஆய்வுகளால் அளக்கப்பட்ட உண்மை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2005 அக்டோபரில் தொடங்கி 66 வாரங்களுக்கு, ஆங்கில நாளேடுகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்குப் போலி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. 548 விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் சாத்திய விகிதத்தை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. 2007 அக்டோபரில் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் முடிவுகள் வெளியாயின. அதே இதழில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்கள் 25 பேரிடம் எடுத்த நேர்காணல்களும் வந்தன. 'எங்களுக்குத் தகுதிதான் முக்கியம்' என்ற மேலாளர்களே 'குடும்பப் பின்னணி' பற்றிக் கேட்பதையும் இயல்பாக ஒப்புக்கொண்டார்கள்.

நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. அபிஜித் பானர்ஜி, மரியன் பெர்ட்ராண்ட் உள்ளிட்டோர் தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் 371 பணியிடங்களுக்கு 3,160 போலித் தன்விவரக் குறிப்புகளை அனுப்பினர். முடிவுகள் 2009இல் வெளிவந்தன. மென்பொருள் வேலைகளில் சாதிப் பாகுபாட்டுக்குச் சான்று கிட்டவில்லை. கால் சென்டர் வேலைகளில் கிட்டியது. உயர்சாதியினருக்கும் இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் இடையே அழைப்பு விகிதத்தில் பெரிய இடைவெளி இருந்தது. பட்டியல் சாதியினரிடத்தும் இடைவெளி இருந்தது, சற்றுக் குறைவாக. என் வாசிப்பு இது: நிரல் எழுதுபவரை அவர் எழுதும் நிரலைக் கொண்டு எடைபோடலாம். தொலைபேசியில் பேசுபவரை எடைபோடும்போது 'நல்ல பேச்சு', 'நயமான பழக்கம்' போன்ற மங்கலான அளவுகோல்கள் நுழைகின்றன. சாதி ஒளிந்துகொள்ளும் இடம் அந்த மங்கல்தான்.

தமிழ்நாட்டில் பெயர் அவ்வளவு எளிதில் சாதியைக் காட்டிக்கொடுக்காது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்ததன் பயனை நாம் இன்றும் அனுபவிக்கிறோம். பெயர் சொல்லாததை இங்கே முகவரி சொல்லிவிடுகிறது. ஊர் வேறு, சேரி வேறு என்னும் நில அமைப்பு அஞ்சல் முகவரியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் காலெடுத்து வைக்க 2023 ஜனவரி 30ஆம் நாளும் காவல்துறைப் பாதுகாப்பும் தேவைப்பட்டன என்பதை நினைவில் கொண்டால், 'காலனி' என்ற ஒரு சொல்லுக்கு எவ்வளவு கனம் என்பது விளங்கும். அச்சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2025 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவையில் அறிவித்தார். கணினி மையத்துப் படிவங்களிலிருந்து அதை நீக்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஆகவே தனியார் நிறுவனத்துக்கான குறிப்பின் தலைப்பில் பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், 'திருவண்ணாமலை' என்ற ஊர்ப்பெயர், இவை போதும். தந்தையின் தொழில், சாதி, மதம், முழு முகவரி எதுவும் வேண்டாம். கேட்கப்படாததைச் சொல்லாமலிருப்பது பொய்யன்று. பணியாணை வந்தபின் சரிபார்ப்புக்கு முகவரியைத் தரலாம். மாற்றுச் சான்றிதழில் சாதி குறிக்கப்பட்டிருக்கலாம், ஆகவே அதன் நகலை முதற்கட்டத்திலேயே இணைத்து அனுப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இல்லாத அனுபவத்தை எழுதுவது வேறு கதை. பின்புலச் சரிபார்ப்பில் அது வெளிப்பட்டால் வேலை போகும்.

அரசுப் பணிக்கு இதற்கு நேர்மாறான விதி. அங்கே சாதி உரிமைக்கான கட்டம். சாதிச் சான்றிதழில் உள்ள பெயரையும் எழுத்தையும் அப்படியே எழுத வேண்டும். ஒன்றிய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் அருந்ததியருக்கான 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு உட்பட 18 விழுக்காடு. கிறிஸ்தவத்திற்கு மாறிய ஆதி திராவிடர் இங்கே பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள் என்பதை அறியாமல் கட்டத்தைத் தவறாக நிரப்பித் தேர்வை இழந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

தொலைபேசி இயக்குநர் வேலை ஒரு காலத்தில் பெரும்பாலும் அரசு வேலைதான். தொலைத்தொடர்புத் துறையின் இணைப்பகங்களில் இடஒதுக்கீட்டுச் சுழற்சிப் பட்டியலின்படி நம் மக்கள் சிலர் அந்த நாற்காலிகளில் அமர்ந்தார்கள். 2000 அக்டோபர் 1 அன்று பி.எஸ்.என்.எல். உருவானது. 2019இல் அறிவிக்கப்பட்ட விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஏறத்தாழ 78,000 ஊழியர்கள் வெளியேறினர். இன்று வேலை இருக்குமிடம் தனியார் சேவை மையம், ஒப்பந்த நிறுவனம், மருத்துவமனையின் வரவேற்பு மேசை. இடஒதுக்கீடு இல்லாத அந்த வாயிலில் நம் கையில் இருப்பது ஒரு பக்கக் காகிதம். அதனால்தான் இந்தச் சிறிய விஷயத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

அந்த ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? வேலை என்ன கேட்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். அழைப்பை எடுப்பவர் ஒரே நேரத்தில் கேட்கவும், பேசவும், தட்டச்சு செய்யவும் வேண்டும். அழைப்பவரின் பெயரையும் எண்ணையும் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். கோபத்தில் கத்துபவரிடம் குரல் உயர்த்தக் கூடாது. தீர்க்க முடியாத புகாரை உரிய பிரிவுக்கு மாற்ற வேண்டும். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. சுழற்சி முறைப் பணிக்கு வர வேண்டும். விளம்பரத்தில் இவற்றுள் எவை இருக்கின்றனவோ அவற்றையே, விளம்பரத்தின் சொற்களிலேயே, மேற்பாதியில் எழுதுங்கள். பல நிறுவனங்களில் முதலில் வாசிப்பது மென்பொருள். அது சொற்களைத்தான் தேடுகிறது. பூவேலைக் கட்டங்களும் புகைப்படமும் அதற்குத் தேவையில்லை.

'நல்ல பேச்சுத் திறன் உண்டு' என்ற வரி எல்லோரிடமும் இருக்கிறது. அதனால் அது எதையும் சொல்வதில்லை. மேற்சொன்ன தம்பியிடம், இதுவரை என்ன வேலைகள் செய்தாய் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். அரை மணி நேரம் பேசியபின் வெளிவந்தவை: நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியாகத் தீபத் திருவிழாவில் இரண்டு ஆண்டுகள் தகவல் மையத்தில் இருந்து, காணாமற்போன பிள்ளைகளின் விவரங்களைப் பதிந்து ஒலிபெருக்கியில் அறிவித்திருக்கிறார். பௌர்ணமி இரவுகளில் கிரிவலப் பாதையில் மாமாவின் தேநீர்க் கடையில் நின்று ஆந்திரப் பக்தர்களிடம் தெலுங்கு கற்றிருக்கிறார். தம் தெருவில் அம்பேத்கர் பெயரிலான மாலைநேரப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறார். இவை மூன்றும் அவருடைய குறிப்பில் இல்லை. கூலி வராத வேலையையும் குடும்ப வேலையையும் வேலையாக எண்ணாத மனநிலை நமக்குள் ஆழமாக ஊறியிருக்கிறது.

புதிய குறிப்பில் முதல் வரி இப்படி அமைந்தது: 'தமிழ், ஆங்கிலம், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளிலும் உரையாடுவேன், கூட்ட நெரிசலில் விவரங்களைக் கேட்டுப் பதிந்து அறிவித்த இரண்டு ஆண்டு அனுபவம் உண்டு.' தட்டச்சு வேகத்தை இணையத்தில் சோதித்து, நிமிடத்துக்கு எத்தனை சொற்கள் என்று எண்ணாகவே எழுதச் சொன்னேன். பாடசாலையின் பெயரை வைக்கலாமா என்று தயங்கினார். இதில் எனக்கு உறுதியான விதி இல்லை. 'மாலைநேரப் பயிற்சி மையம்' என்று மட்டும் எழுதுவது கோழைத்தனமன்று. அப்பெயரை எழுதுவதும் அறியாமையன்று. அவர் எழுதினார்.

நேர்காணலில் 'சொந்த ஊரில் எந்தப் பக்கம்?', 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்டால் என்ன செய்வது என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். "பணிக்குத் தொடர்புள்ள கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்" என்று அமைதியாகச் சொல்லலாம். சட்டம் கைவிட்ட இடமன்று இது. தீண்டாமையின் அடிப்படையில் ஒருவரை வேலையிலிருந்து தடுப்பதைக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955இன் 4ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 3(1)(இசட்.ஏ) பிரிவின் ஐந்தாம் உட்கூறும் பிறருக்குத் திறந்திருக்கும் வேலையில் சேரவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. சிக்கல் மெய்ப்பிப்பதில்தான். 'அழைக்கவில்லை' என்பதற்குச் சாட்சி கிடையாது. ஆகவே விளம்பரத்தின் படம், அனுப்பிய குறிப்பு, வந்த மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்தி அனைத்தையும் நாளோடு சேமித்து வையுங்கள். அழிக்காத கைபேசியையும் வைத்திருங்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் முன்வைக்க, பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். உடனடி உதவிக்கு வன்கொடுமைகளுக்கு எதிரான தேசிய உதவி எண் 14566 இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அங்கே அழைப்பை எடுப்பவரும் ஒரு தொலைபேசி இயக்குநர்தான். நம் பிள்ளைகள் விண்ணப்பிக்க வேண்டிய நாற்காலிகளுள் அதுவும் ஒன்று.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. 'கால் சென்டர் வேலை, தாய்லாந்து, நல்ல சம்பளம்' என்ற விளம்பரத்தை நம்பிச் சென்ற தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டு, 2022இல் மீட்கப்பட்டார்கள். கம்போடியாவிலிருந்தும் இதே கதை வந்தது. வெளிநாட்டு வேலை என்றால், குடிபெயர்வுச் சட்டம் 1983இன் கீழ் அந்த முகவர் பதிவு பெற்றவரா என்று ஒன்றிய அரசின் இ-மைகிரேட் தளத்தில் முதலில் பாருங்கள். உள்நாட்டு வேலைக்குப் 'பதிவுக் கட்டணம்', 'பயிற்சி வைப்புத்தொகை' என்று யார் பணம் கேட்டாலும் விண்ணப்பத்தை அங்கேயே நிறுத்துங்கள். ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் தன்விவரக் குறிப்பில் ஒருபோதும் எழுதாதீர்கள்.