மலையேறிய மாங்காய்ப் பூட்டு

திண்டுக்கல் நாகல் நகர், நல்லாம்பட்டிப் பக்கத்துப் பட்டறைகளில் அரம் ராவும் சத்தம் முன்பளவு இல்லை. இயந்திரத்தில் அடித்து வரும் அலிகார் பூட்டின் விலைக்குக் கைவேலை ஈடுகொடுக்க முடியாது. ஆனாலும் மாங்காய்ப் பூட்டு இன்னும் அங்கே உருவாகிறது. மாங்காய் வடிவ இரும்புக் கூட்டுக்குள் பித்தளை லீவர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய லீவரைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒன்று தாழ்ந்தாலும் திறக்காது, கூடுதலாக உயர்ந்தாலும் திறக்காது. கூடுதலாக உயர்ந்தாலும் மறிக்கும் இந்த உத்திக்கு லண்டனில் ராபர்ட் பாரன் 1778இல் காப்புரிமை வாங்கினார். அதைத் திண்டுக்கல் ஆசாரிகள் அரத்தாலும் கண்ணளவாலுமே சாதித்தார்கள். சாவி திரும்பும்போது மணியடிக்கும் பூட்டும் இங்கே உண்டு. மின்சார அலாரத்துக்கு அண்ணன் அது.

இந்தப் பூட்டு திண்டுக்கல்லிலிருந்து கேரளம் போக இரண்டு வழி. ஒன்று பழனி, உடுமலை, பொள்ளாச்சி தாண்டி, நிஜ மாங்காய்க்குப் பேர்போன முதலமடை வழியாகப் பாலக்காடு போகிறது. மற்றது தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்கு மலையேறுகிறது. குமுளி இருக்கும் இடுக்கியில் வீட்டுக் கதவைவிட, ஏலக்காயை உலர்த்தி வைக்கும் ஸ்டோரின் கதவுக்குத்தான் காவல் அதிகம். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ தேறும். அந்த ஒரு கிலோ 2019 ஆகஸ்டில் இடுக்கியின் புத்தடி ஏலத்தில் 7,000 ரூபாயைத் தொட்டது. அதே மாதக் கடைசியில்தான் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

மலையில் பூட்டுக்குத் திருடனுக்கு முன்பே மழை எதிரி. பித்தளை லீவர் தாங்கும்; இரும்புக் கூடும் ஸ்பிரிங்கும் துருவேறும். பழைய டயர் டியூப்பை வெட்டிப் பூட்டின்மேல் தொங்கவிட்டால் சாவித்துளைக்குள் நீர் இறங்காது. தேங்காய் எண்ணெய் விடுவது தப்பு: நாளானால் பிசுக்காகி லீவர் ஒட்டிக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

திருடன் லீவர்களோடு மல்லுக்கட்டுவது சினிமாவில்தான். கடப்பாரையைக் கொண்டிக்குள் விட்டு நெம்பினால் நாதாங்கி ஆணியோடு பெயர்ந்து வரும். பூட்டு பூட்டியபடியே தரையில் கிடக்கும். ஆயிரம் ரூபாய்ப் பூட்டை வாங்கி, ஊறிப்போன கதவு நிலையில் ஓரங்குல ஸ்குரூவால் நாதாங்கியை முடுக்கும் வீடுகளே அதிகம். நாதாங்கியை மறுபக்கம் வரை போல்ட் விட்டு, உள்ளே நட் போட்டு இறுக்குவதுதான் அசல் காவல்.

இன்னொரு சிக்கல், வெளியே தொங்கும் பூட்டே வீட்டில் ஆளில்லை என்று ஊருக்குச் சொல்லிவிடும். கேரளக் காவல்துறையின் போல்-ஆப்பில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு: வெளியூர் போவதை முன்கூட்டிப் பதிந்தால் அதிகபட்சம் 14 நாள் வரை ரோந்து போலீஸ் வீட்டை ஒரு கண் பார்த்துக்கொள்ளும். பாலக்காட்டில் பூட்டிவிட்டுப் பழனிக்குப் போகிறவர்களுக்கும் அது பொருந்தும்.

மாங்காய்ப் பூட்டை உடைப்பவர் பல நேரம் வீட்டுக்காரரேதான். சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி எளிதில் கிடைக்காது. ஒவ்வொன்றும் தனித்தனியாக ராவியது. அரைநாள் சுத்தியலடிக்குப் பின் பூட்டு பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. அங்கே கூட்டைப் பிரித்து, பித்தளை லீவர்களை மட்டும் தனியே எடை போடுகிறார்கள்.