கூபி காய்ன் பாகா பாய்ன்

வங்க எழுத்தாளர் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி (1863–1915) சிறுவருக்காக எழுதிய மாயக் குறுநாவல். 1913-இல் கல்கத்தாவில் தாம் தொடங்கிய ‘சந்தேஷ்’ இதழில், தம் இறுதி ஆண்டான 1915-இல், தம் ஓவியங்களோடு வெளியிட்டார். பாட்டு வராத கூபியும், டோல் அடித்து ஊரை அதிரவைக்கும் பாகாவும் ஊரார் விரட்ட, காட்டில் பேய்களிடம் வரம் பெறுகிறார்கள். அதன்பின் அவர்கள் பாடி வாசித்தால், நிறுத்தும்வரை கேட்பவரால் அசைய முடியாது.

இசைக்குக் கட்டுண்டு உயிர்கள் நிற்பது நமக்குப் பழகிய காட்சிதான். பெரியபுராணத்தில் ஆனாயரின் குழல் கேட்டுப் பசுக்கள் அசைபோட மறக்கின்றன. பாம்பு மயிலின்மேல் வந்து விழுகிறது. இந்தக் கதை வெளிவந்தபோது புதுச்சேரியில் வாழ்ந்திருந்த பாரதியின் ‘குயில் பாட்டு’ம் ஒரு பறவையின் பாட்டில் மயங்கியவனின் கதையே. ஆனால் அங்கெல்லாம் மயக்குவது இசையின் நிறைவு. குழல் செய்யும் முறையையும் துளைகளில் விரல் பயிலும் விதத்தையும் சேக்கிழார் அத்தனை விரித்துப் பாடுவது அந்த நிறைவைக் காட்டத்தான். உபேந்திரகிஷோரின் நாயகர்களிடம் வித்தை இல்லை. பாடவேண்டும், அடிக்கவேண்டும் என்ற தீராத ஆசை மட்டும் இருக்கிறது. மாயத்தை அந்த ஆசைக்குக் கொடுத்ததே இந்நூலின் புதுமை. பெரியவர்கள் நடுவே குரல் எடுபடாத எந்தக் குழந்தைக்கும் இது தன் கதையாகப் படும்.

சாதகம் இல்லாமல் வரத்தால் இசை கைகூடுவது கலையை மலிவாக்காதா என்று கேட்கலாம். ஆசிரியர் இசையின் உழைப்பை அறியாதவரல்லர்; வயலின் வாசித்தவர், ஆர்மோனியம் பயில்வோருக்கு நூல் எழுதியவர். கதையின் வரிசையையும் பார்க்கவேண்டும். பேய்கள் வரம் தந்தபின் ரசிக்கவில்லை. ரசித்தபின்தான் வரம் தந்தன. மனிதர் விரட்டிய அதே பாட்டுக்கு அவை ஆடின. பயிற்சிக்கு மாற்றாக அந்த வரம் வரவில்லை. இருவருக்கும் முதன்முதலாகக் கிடைத்த செவியின் கொடையாக வந்தது.

பேரர் சத்யஜித் ராய் 1969-இல் இதைத் திரைப்படமாக்கினார். நூலை இன்று பலரும் அறிவது அந்தப் படத்தின் வழியாகத்தான். பேய்களின் நடனத்துக்கு அவர் பாட்டு எதையும் வைக்கவில்லை. மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங் என்று நம் கச்சேரி மேடையின் தாளக்கருவிகளையே ஒலிக்கவிட்டார்; நான்கு வகைப் பேய்களுக்கு நான்கு கருவிகள். ராகத்தின் இனிமை எட்டிப்பார்க்கும் முன்பே, வெறும் லயத்துக்கே அந்தக் கூட்டம் ஆடித் தீர்க்கிறது. வரம் அதற்குப் பிறகுதான்.