தூக் என்னும் கம்பளித் தொப்பி

ஐப்பசி பிறந்ததும் எங்கள் வீடுகளில் எல்லோரும் தேடத் தொடங்குகிற ஒரு பொருளைப் பற்றி இம்மாதம் பேசுவோம். கியூபெக்கில் அதற்குப் பெயர் ‘தூக்’. எங்களுக்கு அது கம்பளித் தொப்பி.

1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மீட்கப்பட்டு, மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தார்கள். விமானத்தில் வந்திறங்கியவர்களும் எம்மில் உண்டு. எவ்வழி வந்தாலும், முதற் குளிர்காலத்தில் பலரின் தலையில் இருந்தது யாரோ தந்த தொப்பிதான். தந்தவர்களை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் அந்தத் தொப்பி உண்மையில் யாருடையது? அதற்கு வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

1571இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட சாதாரண மக்கள் ஞாயிறுகளிலும் பண்டிகை நாட்களிலும் உள்நாட்டுக் கம்பளித் தொப்பி அணிய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 3 சிலிங் 4 பென்ஸ் தண்டம். பிரபுக்களுக்கு விலக்கு. தொப்பித் தொழிலாளரின் பிழைப்பைக் காப்பதே நோக்கம். 1597இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

கியூபெக்கில் கதை வேறு. இங்கே எந்தச் சட்டமும் சொல்லாமலே தூக் குடியானவரின் தொப்பியாக இருந்தது. உரோம வணிகத்துக்காக வள்ளம் வலித்த தொழிலாளரும் அதையே அணிந்தார்கள். லஷீனில் புறப்பட்ட வள்ளங்கள், தீவின் மேற்கு முனையிலுள்ள எங்கள் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் நிற்கும். மேற்கே நெடும்பயணம் போகுமுன் அங்குள்ள புனித அன்னம்மாள் கோவிலில் வேண்டிக்கொள்வார்கள். தலவில அன்னம்மாளிடம் நேர்த்தி வைத்துப் பழகிய எம்மவருக்கு இது விளங்கும்.

1837 மார்ச்சில், இங்குள்ள சட்டசபையின் அனுமதியின்றியே அரசாங்கம் வரிப்பணத்தைச் செலவிடலாம் என்று லண்டன் முடிவு செய்தது. ‘பத்ரியோத்’ இயக்கத்தவர் பதிலுக்கு இறக்குமதிப் பொருட்களைப் புறக்கணித்தார்கள். ஆகஸ்டில் அவர்களின் சட்டசபை உறுப்பினர்கள் பலர் வீட்டுத்தறித் துணி உடுத்தியே சபைக்கு வந்தார்கள். இறக்குமதி குறைந்தால் தீர்வை குறையும், தீர்வை குறைந்தால் அரசின் வரவு குறையும். கணக்காளர்களுக்கு உடனே பிடிபடும் போராட்டம் இது. காந்தி கதரைக் கையில் எடுக்க இன்னும் ஏறத்தாழ 80 ஆண்டுகள் இருந்தன. பிற்காலத்தில் ஓவியர் ஆன்றி ஜூலியன் வரைந்த 1837இன் முதிய போராளியின் தலையிலும் தூக்தான்.

அந்த எழுச்சி அடக்கப்பட்டது. தொப்பி மட்டும் அடங்கவில்லை. 1840களில் மொன்றியலில் தொடங்கிய பனிநடைக் கழகத்தின் வசதி படைத்த ஆங்கிலேயரே, நாளடைவில் நீலத் தூக்கைத் தங்கள் அடையாளமாக்கிக் கொண்டார்கள்.

இனிப் பின்னலுக்கு வருவோம். பல நிறத் தொப்பிக்கு எளிய வழி, கண்ணியை நழுவவிடுவது. இரண்டு வரிசை ஒரு நிறம், அடுத்த இரண்டு வரிசை வேறு நிறம். நிறம் மாறிய இரு வரிசையிலும், இடையிடையே அதே கண்ணிகளைப் பின்னாமல் ஓர் ஊசியிலிருந்து மறு ஊசிக்கு மாற்றிவிடுங்கள். நூல் தொப்பியின் உட்பக்கமாகப் போகட்டும். கீழ்வரிசையின் நிறம் மேலே ஏறிவந்து கோட்டுக்குள் கோலம் போடும். ஒரு நேரத்தில் ஒரே நூல்தான் கையில் இருக்கும். மிச்சம் மீதிக் கம்பளியே போதும். அமெரிக்கரான பார்பரா வாக்கர் 1960, 70களில் இவ்வகைக் கோலங்களைத் தொகுத்து, ‘மொசைக்’ பின்னல் என்று பெயரிட்டார். சாயமிட்ட பனையோலையை மேலும் கீழுமாய் விட்டுப் பெட்டி இழைத்த கைகளுக்கு இது பெரிய வேலையல்ல.

நேயர்களே, தூக் எந்தக் கடையும் எந்தத் தொண்டரும் எமக்கு இரவல் தந்த பொருளல்ல. உழைக்கும் மக்கள் தம் கையால் பின்னிக்கொண்ட தொப்பி அது. குளிர்காலம் முழுக்க யன்னலோரம் இருக்கும் அம்மம்மாவுக்கு இரண்டு ஊசியும் மூன்று நிற நூலும் வாங்கிக் கொடுங்கள். முதல் தொப்பி பேரப்பிள்ளைக்கு. அடுத்தது, இவ்வாண்டு புதிதாக வந்திறங்கிய ஒரு குடும்பத்துக்கு. எங்கள் பேரேட்டில் பெற்ற பக்கம் நிறைய எழுதியாயிற்று. கொடுத்த பக்கத்திலும் எழுதுவோம்.